முக்காலே மூன்று வீசம்: திண்ணைக் கணக்கும் திண்ணைக்கு வெளியே நின்றவர்களும்

"வேலை முக்காலே மூன்று வீசம் முடிந்தது" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். ஏறக்குறைய முழுவதும் என்ற பொருளில் அதை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் அது மங்கலான ஒரு பேச்சு அன்று. துல்லியமான ஓர் எண். வீசம், அதாவது மாகாணி, பதினாறில் ஒரு பங்கு. முக்காலோடு மூன்று வீசத்தைக் கூட்டினால் பதினாறில் பதினைந்து. மீதம் இருப்பது ஒரே ஒரு வீசம்.

"இம்மியளவும் பிசகாமல்" என்பதும் அப்படித்தான். முந்திரி என்பது 320இல் ஒன்று. அந்த முந்திரியை மீண்டும் 320 பங்கு செய்தால் ஒரு பங்கு கீழ்முந்திரி. கீழ்முந்திரியை 21 பங்கு செய்தால் கிடைப்பது இம்மி. இருபத்தோரு லட்சத்துக்கும் மேலான பங்குகளில் ஒன்று! இன்று மொழியில் வெறும் சொற்களாகத் தங்கிவிட்ட இவை ஒரு காலத்தில் ஐந்தாறு வயதுப் பிள்ளைகள் நாள்தோறும் உரக்கச் சொல்லி மனனம் செய்த எண்கள்.

இந்தச் சொற்களின் வரலாற்றை நாம் இங்கே எடுத்துக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. கடந்த நாற்பது ஆண்டுகளாகக் கணிதக் கல்வியைப் பற்றி உலக அளவில் ஒரு விவாதம் நடந்துவருகிறது. 1984ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் கூடிய கணிதக் கல்வி மாநாட்டில், பிரேசில் நாட்டுக் கணிதவியலாளர் உபிராத்தான் தாம்ப்ரோசியோ ஒவ்வொரு மக்கள் கூட்டத்துக்கும் அதன் வாழ்விலிருந்து எழுந்த கணிதம் ஒன்று உண்டு என்ற கருத்தை முன்வைத்துப் பேசினார். மறு ஆண்டு, அதே பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருவில் காய்கனி விற்ற சிறுவர்களைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. சந்தையில் நின்று போட்ட கணக்குகளில் நூற்றுக்கு 98 பங்கு சரியாகச் சொன்ன அதே பிள்ளைகள், அதே கணக்குகளை வெறும் எண்களாகத் தாளில் கொடுத்தபோது 37 பங்குதான் சரியாகச் செய்தார்கள். பள்ளிக் கணிதம் ஏழைப் பிள்ளையின் வாழ்க்கையைப் புறக்கணிப்பதால்தான் அந்தப் பிள்ளை தோற்கிறது. கணிதத்தை அவன் வாழ்விலிருந்து தொடங்கிக் கற்பித்தால் அது சமூக நீதிக்குக் கருவியாகும் என்று பலர் சொல்லத் தொடங்கினார்கள்.

இக்கருத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் பண்பாட்டோடு ஒன்றிய கணிதம் தானாகவே நீதியைக் கொண்டுவந்துவிடுமா? இக்கேள்விக்கு விடை தேட நாம் தொலைவில் போக வேண்டியதில்லை. அத்தகைய கணிதக் கல்வி தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டு வரை ஊருக்கு ஊர் நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் திண்ணைப் பள்ளிக்கூடம்.

*

திண்ணைப் பள்ளியில் பிள்ளை முதலில் மணலில் விரலால் எழுதினான். பிறகு ஓலையில் எழுத்தாணியால். ஒருவன் முன்னே சொல்ல மற்றவர்கள் பின்னே சொல்லும் 'முறை' அங்கே கற்பித்தலின் முதுகெலும்பு. மூத்த மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையவர்களை நடத்துவான். இந்த ஏற்பாட்டைச் சென்னையில் கண்ட ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், எழும்பூரில் தம் பொறுப்பில் இருந்த ஆதரவற்ற சிறுவர் விடுதியில் அதைக் கையாண்டு, 1797இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிகளுக்குப் பரவியது. கற்பிக்கும் முறை கப்பலேறியது. கற்பிக்கப்பட்ட கணக்கு இங்கேயே இருந்துவிட்டது.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது? எண்சுவடி அதன் அடிப்படை நூல். முந்திரியில் தொடங்கி, அரைக்காணி, காணி, அரைமா, மா, வீசம், அரைக்கால், கால், அரை, முக்கால் என்று ஏறி ஒன்றை அடையும் பின்ன வரிசையே பிள்ளையின் முதற்பாடங்களில் ஒன்று. முழு எண்ணில் பழகிய பிறகே பின்னத்துக்கு வருவது இன்றைய வழக்கம். திண்ணையில் ஒன்றுக்குக் கீழே உள்ள உலகமும் ஒன்றுக்கு மேலே உள்ள உலகமும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பிள்ளைக்குப் பழக்கமாயின. அடுத்து நெல்லிலக்கம். ஐந்து செவிடு ஓர் ஆழாக்கு. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, அதாவது மரக்கால். பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். அதன் பிறகு பொன்னிலக்கம், நில அளவைக்கான குழிமாற்று. படித்து முடிக்கும் பிள்ளையின் கையில் அவனே ஓலையில் எழுதிய எண்சுவடி ஒன்று இருக்கும்.

இந்த எண்களும் ஊரின் வாழ்க்கையும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு போதும். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மா என்ற எண்ணின் மதிப்பும் இருபதில் ஒன்றுதான். அதாவது எண்ணின் பெயரே நிலத்தின் பெயர். காணி என்பது எண்பதில் ஒன்று என்னும் எண், நிலம், நிலத்தின் மேல் ஒருவனுக்கு வழிவழியாக உள்ள உரிமையும் அதுவே. கொறுக்கையூர்க் காரிநாயனார் இயற்றிய கணக்கதிகாரம், பலாப்பழத்தை அறுக்காமலேயே அதன் சுளைகளை எண்ண வழி சொல்கிறது: காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டும். விடை பலாவுக்குப் பலா பொருந்துமா என்பது வேறு. கணக்கு தோட்டத்திலும் களத்திலும் வாழ்ந்தது என்பதுதான் இங்கே நமக்கு முக்கியம். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த செந்தில் பாபு, இந்தச் சுவடிகளையும் அவற்றைப் பயின்ற சமூகத்தையும் சேர்த்து ஆராய்ந்து 2022இல் ஆங்கிலத்தில் விரிவான நூல் ஒன்றை வெளியிட்டிருக்கிறார். திண்ணைக் கணக்கை வெறும் மனப்பாடம் என்று ஒதுக்கிவிட முடியாது என்பதை ஐயமின்றி நிறுவும் நூல் அது.

இன்றைய கல்வியாளர் ஒருவர் கனவு காணும் எல்லாம் அங்கே இருந்தன: தாய்மொழி, உள்ளூர் அளவை, வாழ்க்கைக்கு நேரே பயன்படும் கணக்கு, மூத்த பிள்ளையிடம் இளைய பிள்ளை கற்றல். இல்லாதது ஒன்றே ஒன்று.

*

திண்ணை என்பது தெருவுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட இடம். அந்தத் தெருவுக்குள் கால் வைக்க உரிமை இல்லாதவனுக்குத் திண்ணை என்று ஒன்று இல்லவே இல்லை. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரிந்து கிடந்த நிலத்தில், பள்ளிக்கூடம் ஊரின் திண்ணையில் இருந்தது. சேரிப் பிள்ளையை விலக்கத் தனியாக ஒரு விதி எழுத வேண்டிய தேவையே எழவில்லை.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் பள்ளிகளைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் கணக்குக் கேட்டார். 1826இல் தொகுக்கப்பட்ட முடிவின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அவர்களில் பெண் பிள்ளைகள் 4,540 பேர். நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை. இந்த ஆவணங்களைத் தேடியெடுத்து 1983இல் நூலாக வெளியிட்ட தரம்பால், தமிழ் மாவட்டங்களில் பிராமணர் அல்லாத பிள்ளைகளே பெரும்பான்மை என்பதைச் சுட்டிக்காட்டினார். அது நாம் மறுக்கக்கூடாத உண்மை; பழங்கல்வி ஒரு சாதிக்கு மட்டும் உரியதாக இருந்தது என்ற எளிய சித்திரத்தை அது கலைத்தது. ஆனால் அந்தப் பட்டியலில் 'சூத்திரர்' என்ற ஒரே பத்தியில் நிலம் உடைய வேளாளரும் நிலமற்ற ஏழையும் சேர்ந்தே நிற்கிறார்கள். 'பிற சாதியினர்' என்ற பத்தியில் யார் யார் அடங்குவர் என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. நாற்று நட்ட பெண்ணும் அறுத்த ஆணும் அந்தக் கணக்கில் எங்கே இருந்தார்கள் என்று தேடினால், நமக்குப் பெரும்பாலும் வெற்றிடமே தென்படுகிறது.

ஆனால் அவர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்தால் அது பெரும் பிழை. ஊர் ஊழியத்தில் வெட்டியான் என்று அழைக்கப்பட்டவர், தீண்டத்தகாதவராக ஒதுக்கப்பட்டவர், நிலம் அளக்கும்போது கோலைப் பிடித்து வயலில் நடந்தார். வரப்பின் கோணல், மடையின் போக்கு, எந்த வயலுக்கு எவ்வளவு தண்ணீர் என்பதெல்லாம் அவருக்குக் கண்ணிலும் காலிலும் இருந்தன. அவர் சொன்ன அளவைக் கணக்குப்பிள்ளை ஓலையில் எழுதினார். அளந்தவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். ஊரின் கணக்கு என்று நிலைத்தது எழுதப்பட்டதே அன்றி அளக்கப்பட்டது அன்று.

இதில் கணிதத்துக்குள்ளேயே ஒரு நுட்பம் இருக்கிறது. நாற்கோணமான நிலத்தின் பரப்பைக் காண, எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கி, கிடைத்த இரண்டையும் பெருக்குவது பழைய வழக்கு. நீள்சதுரமான வயலுக்கு இது மிகச் சரி. கோணலான வயலுக்கோ இம்முறை உண்மைப் பரப்பைவிடக் கூடுதலாகவே காட்டும். ஒருபோதும் குறைத்துக் காட்டாது. நிலம் கூடினால் தீர்வையும் கூடும். வயல் எவ்வளவு கோணல் என்று நடந்து கண்டவருக்கு அந்த வேறுபாடு தெரிந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்ல ஓலையில் இடம் கிடையாது. சொன்னால் கேட்பாரும் கிடையாது.

இந்தப் பிரிவினை மிகப் பழையது. தஞ்சைப் பெரிய கோவிலின் கல்வெட்டுகளில் ஊர்களின் நிலம் முந்திரிக்கும் கீழான பின்னங்கள் வரை கணக்கிடப்பட்டிருப்பதைக் கண்டு நாம் வியக்கிறோம், வியக்கத்தான் வேண்டும். அதே கல்வெட்டுகளில், வரி நீங்கலான இடங்களின் பட்டியலில், ஊர்நத்தம், குளம், வாய்க்கால், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் இடம்பெறுகிறது. அத்தனை துல்லியமாக அளக்கத் தெரிந்த சமூகம், அதே துல்லியத்தோடு மனிதர்களையும் பிரித்து வைத்திருந்தது.

*

இனி களத்துமேட்டுக்கு வருவோம். கூலி நெல்லாக அளக்கப்பட்ட காலம் அது. படியால் அளந்து கூலி பெற்றவன் 'படியாள்' என்றே பெயர் பெற்றான். ஒரு மரக்கால் என்பது எட்டு நாழி. அதாவது பதினாறு உரி. பண்ணையாரின் கூலி மரக்கால் ஓர் உரி குறைந்தது என்று வைத்துக்கொள்வோம். வாங்குபவனுக்குக் கிடைப்பது பதினாறில் பதினைந்து. நாம் தொடக்கத்தில் கண்ட அதே முக்காலே மூன்று வீசம்!

பார்வைக்கு மரக்கால் நிறைந்துதான் இருக்கும். ஆனால் கலத்துக்குப் பன்னிரண்டு உரி, அதாவது ஆறு நாழி குறையும். பதினாறு மரக்கால் கூலி வாங்கியவன் உண்மையில் ஒரு முழு மரக்காலை இழந்திருப்பான். உலையில் அரிசி போடும் பெண்ணின் கைக்கு இந்தக் குறை தெரியாமல் இராது. ஆனால் எத்தனை உரி, எத்தனை நாள், மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் நிறுத்திக் கேட்க எண்சுவடி வேண்டும். அந்தக் கணக்கை யாரைவிடவும் அவசரமாகப் போட வேண்டியவனின் பிள்ளை திண்ணையில் இல்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கு அன்று. 1940களில் கீழைத் தஞ்சையில் விவசாயத் தொழிலாளர்கள் சங்கமாகத் திரண்டபோது, சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்ற கோரிக்கைகளோடு, முத்திரையிட்ட மரக்காலால் கூலி அளக்க வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக எழுந்தது. சவுக்கடியோடு சேர்த்துப் பேசப்படும் அளவுக்குக் கள்ள மரக்கால் ஒரு கொடுமையாக இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்ட கொடுமைக்குப் பின்னால் சங்கக் கொடியும் இருந்தது, கூலி உயர்வுக் கோரிக்கையும் இருந்தது. மக்கள் நினைவில் அது 'அரைப்படி நெல்' என்றே நிலைத்துவிட்டது. மறு ஆண்டு, 1969இல், விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. அரை என்ற எளிய பின்னத்துக்கு நம் வரலாற்றில் இவ்வளவு கனம் இருக்கிறது.

*

காலனிய ஆட்சி என்ன செய்தது? இங்கே வரலாறு நமக்கு வசதியான பதில் எதையும் தரவில்லை. ஒருபுறம் அது கதவைத் திறந்தது. மெதுவாகவும் அரைமனத்தோடும்தான் திறந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் பஞ்சமி நில ஆணையும், 1893இல் பஞ்சமர் கல்விக்கான ஆணையும் வந்தன. அயோத்திதாசரின் தூண்டுதலால் கர்னல் ஆல்காட் 1894இல் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். ஆயினும் பல ஊர்களில் பள்ளி அக்கிரகாரத்திலோ கோவில் சாவடியிலோ இருந்தது. திண்ணையின் பழைய எல்லைக்கோடு புதிய பள்ளியையும் சுற்றி நின்றது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எல்லோரும் வரக்கூடிய இடத்துக்குப் பள்ளிகளை மாற்ற வேண்டும் என்று அரசே சொல்ல வேண்டியிருந்தது.

மறுபுறம், கதவு திறந்தபோது உள்ளே இருந்த கணக்கு மாறிவிட்டிருந்தது. எண்சுவடியின் இடத்தில் பாடப்புத்தகமும் ஆய்வாளரின் தேர்வும் வந்தன. முந்திரியும் காணியும் மெல்ல மறைந்தன. வீசம் மட்டும் ரூபாயில் பதினாறில் ஒன்றான அணாவாக வேடம் மாற்றிக்கொண்டு நெடுநாள் வாழ்ந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று நயா பைசா வந்தபோது அதுவும் விடைபெற்றது. அளவைகளுக்கான சட்டம் 1956இல் நிறைவேறி, 1958 முதல் படிப்படியாக லிட்டரும் கிலோவும் புழக்கத்துக்கு வந்தன.

இந்த மாற்றத்தைப் பண்பாட்டு இழப்பு என்று மட்டும் சொல்லி வருந்துவது இலக்கியவாதிகளான நமக்கு எளிது. ஆனால் இன்னொரு பக்கத்தையும் நாம் பார்க்க வேண்டும். படி ஊருக்கு ஊர் வேறு. பெரிய படி, சின்னப் படி உண்டு. வாங்கும்போது ஒரு மரக்கால், கொடுக்கும்போது ஒரு மரக்கால் என்ற பேச்சும் உண்டு. லிட்டருக்கோ ஊரும் இல்லை, சாதியும் இல்லை. நம் மண்ணில் விளையாத அந்த அளவை, முத்திரை மரக்கால் கேட்டுப் போராடியவனின் கோரிக்கையை ஒரு வகையில் நாடு முழுவதற்கும் நிறைவேற்றித் தந்தது. 1980இல் தமிழக அரசு பரம்பரைக் கணக்குப்பிள்ளைப் பதவியை ஒழித்து, தேர்வு எழுதி வரும் கிராம நிர்வாக அலுவலரைக் கொண்டுவந்ததும் இதே வரிசையில் வைத்துப் பார்க்க வேண்டிய நிகழ்ச்சி. அளந்தவரின் பேரன் எழுதுபவராக அமர அது வழி செய்தது.

ஆகவே நமக்குக் கிடைக்கும் சித்திரம் இது: திண்ணையில் வாழ்வோடு ஒன்றிய கணக்கு இருந்தது, எல்லோருக்கும் இடம் இல்லை. பின்னர் வந்த பள்ளியில் எல்லோருக்கும் இடம் உண்டாயிற்று, கணக்கு வாழ்விலிருந்து விலகிப்போயிற்று. இரண்டையும் ஒன்றாகக் காணும் முயற்சிகள் மிக அண்மையில்தான் தொடங்கின. 1991இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், கல்லுடைக்கும் பெண்களும் வயலில் உழைக்கும் பெண்களும் எழுத்தோடு எண்ணையும் கற்றார்கள், மிதிவண்டியும் ஓட்டினார்கள், குவாரிகளைத் தாமே குத்தகைக்கு எடுத்து நடத்தவும் செய்தார்கள். குத்தகை எடுத்தவளுக்குக் கணக்கு என்பது பாடம் அன்று, பிழைப்பு. கணிதவியலாளர் இரா. இராமானுஜம் தலைமையில் 2005ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்டத்துக்காகக் கூடிய குழு, கணக்கு பெரும்பாலான பிள்ளைகளுக்கு அச்சமாகவும் தோல்வியாகவும் இருப்பதையே முதற்குறையாகச் சொன்னது. அதையொட்டி வந்த தொடக்கப்பள்ளி நூல்களில், பழைய சாமான் வாங்கி விற்கும் பெண் ஒருத்தி கடன் வாங்கிக் கணக்குப் பார்ப்பதே ஒரு பாடமாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் அந்நூல்களின் இடத்தில் வேறு நூல்கள் வந்துவிட்டன.

நாம் திண்ணைக்குத் திரும்ப வேண்டும் என்று சொல்லவில்லை, திரும்பவும் முடியாது. ஆனால் எண்சுவடியை அருங்காட்சியகப் பொருளாக மட்டும் வைத்துப் பெருமைப்படுவதும் போதாது. இன்றைய ஐந்தாம் வகுப்பில் பின்னம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர், மரக்கால், நாழி, உரி என்ற மூன்று சொற்களையும் கரும்பலகையில் எழுதி, "கூலி மரக்கால் ஓர் உரி குறைந்தால் ஓராண்டில் எவ்வளவு போயிற்று?" என்று கேட்டால் என்ன ஆகும்? பிள்ளைகள் பதினாறில் ஒன்றைக் கற்றுக்கொள்வார்கள். பாட்டன் பேசிய மொழியில் ஓர் எண் ஒளிந்திருந்ததை அறிவார்கள். வகுப்பில் யாராவது ஒரு பிள்ளை, அந்த நெல்லை வாங்கியவர்களின் பேரப்பிள்ளையாகவும் இருக்கலாம், அடுத்த கேள்வியைக் கேட்கும்: "அப்போது ஏன் யாரும் கணக்குக் கேட்கவில்லை?"

அந்தக் கேள்விக்கு ஆசிரியர் சொல்லும் பதிலும் கணக்குப் பாடத்தின் பகுதிதான் என்பதே நாம் சொல்ல வந்தது.